ஸ்மார்ட் போர்டு யாருக்கு?

பல்கலைக்கழகத்தில் ஸ்மார்ட் போர்டு மாட்டுகிறார்கள், ரிப்பன் வெட்டுகிறார்கள், 'டிஜிட்டல் வளாகம்' ஆகிவிட்டதாக அறிக்கை விடுகிறார்கள். புதிய தொழில்நுட்பத்தைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி என்று பேராசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் மதியச் சாப்பாடும் உண்டு. மாணவர் கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

நாம் விசாரிப்போம். 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றில், கணினி வைத்திருந்த கிராமப்புறக் குடும்பங்கள் 4.4 சதவீதம், நகரத்தில் 23.4. இரண்டே ஆண்டு கழித்து, பொதுமுடக்கத்தில், மொத்த வகுப்பறையையும் செல்போனுக்குள் தூக்கிப் போட்டார்கள். 2021இல் யுஜிசி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தில் படிக்கலாம் என்று விதியை மாற்றியது. அதற்கு முன் 20தான்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, தோழர்களே. நாங்கள் வாரந்தோறும் போகும் விடுதியில் ஒரு லேப்டாப்பை நான்கு பேர் முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்கள் இருபது பக்க அசைன்மெண்டைக் கட்டைவிரலால் போனில் அடிக்கிறார்கள். டேட்டா தீர்ந்தால் நண்பனின் ஹாட்ஸ்பாட். பெயர்ப்பலகையில் 'சமூகநீதி விடுதி' வந்துவிட்டது, வைஃபை வரவில்லை. தமிழ் வழியில் படித்து வந்த முதல் தலைமுறை மாணவி, ஆங்கில வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பத்து முறை பார்க்கிறாள். பாடம் இலவசம்தான், சான்றிதழுக்குத் தேர்வு எழுதப் பணம் கட்ட வேண்டும். உதவித்தொகையோ பருவம் முடிந்த பிறகு வருகிறது.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு கரக்பூர் ஐஐடியை நினைவூட்டுகிறோம். 2021 ஏப்ரலில், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பில், ஆன்லைனில், ஒரு பேராசிரியர் மாணவர்களைக் கேவலமாகத் திட்டினார். வளாகத்தில் நடந்த அவமானம் திரை வழியாக வீட்டுக்கே வந்தது. ஆனால் அதே திரையில் அது பதிவாகவும் ஆனது. காணொலி வெளியே பரவிய பிறகுதான் இடைநீக்கம் நடந்தது. நேரடி வகுப்பில் நடந்திருந்தால், "அப்படி எதுவும் சொல்லவில்லை" என்பதோடு முடிந்திருக்கும். அந்த ஆண்டு கல்வித் தொழில்நுட்பம் உருப்படியாகப் பயன்பட்ட இடம் அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே நாம் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் அல்ல. கரும்பலகையும் நம்மைப் பின் வரிசையில் வைத்துத்தான் பாடம் நடத்தியது. ஆனால் வாங்கிய கருவிகளின் எண்ணிக்கையைக் காட்டி எங்களை ஏமாற்றாதீர்கள். லேப்டாப் முதலில் விடுதிக்குப் போகட்டும், ஸ்மார்ட் போர்டு அப்புறம் வரட்டும். ஆன்லைன் தேர்வுக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே கட்டட்டும்.

உங்கள் பல்கலைக்கழகம் இந்த மூன்று ஆண்டுகளில் மென்பொருளுக்கு எவ்வளவு செலவிட்டது, விடுதி இணையத்துக்கு எவ்வளவு, எத்தனை பட்டியல் சாதி மாணவர்கள் ஆன்லைன் பாடத்தைப் பாதியில் விட்டார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இந்த வாரமே கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வரும் பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள்.