"ஒரு வருஷம் பொறு" எண்டு சொல்லுற எல்லாருக்கும்

புது வேலைக்குப் போன மூன்றாம் நாள், எனக்குத் தந்த மேசையின் லாச்சியைத் துப்புரவாக்கினேன். உள்ளே ரப்பர் பாண்ட் போட்ட விசிற்றிங் கார்ட் கட்டுகள் மூன்று கிடந்தன. மூன்றிலும் ஒரே பதவி, பெயர் மட்டும் வேறு வேறு. ஒரு கட்டிலும் பத்துக் கார்டுக்கு மேல் செலவாகியிருக்காது. பக்கத்து மேசை அக்காவிடம் கேட்டேன், "இவையெல்லாம் ஆர் அக்கா?"

"உமக்கு முதல் இருந்த பிள்ளையள்."

"எப்ப இருந்தவை?"

"எல்லாரும் போன வருஷம்தான்." சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்துக்கொண்டா.

அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் நாலு மாதம் எடுத்தது. ஏனென்றால் அந்த நாலு மாதமும் என்னைச் சுற்றியிருந்த எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "ஒரு வருஷம் பொறு பிள்ளை." அம்மா சொன்னா. மாமா சொன்னார். கனடாவில் இருக்கிற சித்தப்பா வட்ஸ்அப்பில் மூன்று நிமிட வொய்ஸ் போட்டுச் சொன்னார். கம்பஸில் படிப்பித்த சேர் ஒருவரும் சொன்னார். இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாண நகரில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி விற்கிற ஒரு கடை. கீழே ஷோரூம், மேலே ஓஃபிஸ். பெயர் வேண்டாம். பெயரைச் சொல்லாமல் விட்டால் உங்களில் பாதிப் பேருக்கு அது நீங்கள் வேலை செய்த இடம் போலவே இருக்கும். எனக்குத் தந்த பதவி 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்'. மாதம் 40,000 ரூபா. அதில் 15,000 அம்மாவின் கையில் கொடுக்கிறேன். அப்பா ஓட்டோ ஓடுகிறார், தம்பி ஏ.எல். படிக்கிறான். ஆகவே வேலையை விடுவது எனக்கு விளையாட்டு இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மேலே மூன்று பேர். சேர் காலையில் ஒன்று சொல்வார். மடம் மத்தியானம் வந்து அதை மாற்றுவா. மடத்தின் தம்பி பின்னேரம் வந்து, "ஆர் உங்களை இப்பிடிச் செய்யச் சொன்னது?" என்று கேட்பார். கேட்கும்போது மற்ற இரண்டு பேரும் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரவு பத்தரைக்கு வட்ஸ்அப் குறூப்பில் மெசேஜ் வரும். பார்த்தும் பதில் போடாவிட்டால் அடுத்த நாள் காலையில் அதுதான் முதல் விசாரணை. ஒரு வாடிக்கையாளருக்குச் சேர் தன் வாயால் 5,000 ரூபா கழிவு சொன்னார். மாத முடிவில் அது என்னுடைய பிழையாக மாறி என் சம்பளத்தில் கழிபட்டது. சம்பளம் ஒருமுறை 17ஆம் திகதி வந்தது, அதுவும் இரண்டு தவணையாக. நியமனக் கடிதம் கேட்டேன். "ப்ரொபேஷன் முடியட்டும் பாப்பம்." ஈ.பி.எஃப். கேட்டேன். "அதெல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகுதான்."

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது கிடைத்த பதில்: "எங்கதான் பிரச்சினை இல்லை?"

இந்தக் கேள்வியில்தான் நாங்கள் எல்லாரும் விழுகிறோம். எல்லா வேலையிலும் கஷ்டம் உண்டு, உண்மை. என்னுடைய நண்பி ஒருத்தி தனியார் வைத்தியசாலையில் இரவு ஷிஃப்ற் செய்கிறாள். விடிய வீட்டுக்கு வந்தால் கால் வீங்கியிருக்கும். ஆனால் அவளுக்கு மேலே ஒரு தாதி இருக்கிறா. பிழை விட்டால் பேசுவா, பிறகு பக்கத்தில் நிறுத்திச் செய்தும் காட்டுவா. ஆறு மாதத்தில் அவள் படித்தது என்ன என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பாள். என்னிடம் அதே கேள்வியைக் கேட்டால், சேரின் கார்ச் சத்தத்தை வைத்து அவர் என்ன கோபத்தில் வருகிறார் என்று கண்டுபிடிக்கப் படித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். கஷ்டமான வேலை உங்களைக் களைக்கப்பண்ணும், ஆனால் எதையாவது கற்றுத்தரும். பழுதான இடம் உங்களைக் களைக்கப்பண்ணி, பயப்படவும் பழக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் 'பிரச்சினை' என்று சொல்லுகிற ஆட்களிடம் ஆலோசனை கேட்கக் கூடாது.

வித்தியாசம் கண்டுபிடிக்க நான் பாவித்த வழி இதுதான்: அந்த இடத்தில் ஐந்தாறு வருஷம் இருந்த ஒருவரைப் பாருங்கள். அவராக மாற உங்களுக்கு விருப்பமா? என் பக்கத்து மேசை அக்கா ஆறு வருஷம் இருக்கிறா. கணக்கில் கெட்டிக்காரி. ஸ்ரொக் முழுவதும் அவவின்ர தலைக்குள் இருக்கு. ஆனால் ஒரு நாள் லீவு கேட்பதற்கு இரண்டு நாள் ஒத்திகை பார்ப்பா. போன மாதம் தன் ஈ.பி.எஃப். கணக்கு விபரம் எடுத்துப் பார்த்தா. முதல் இரண்டு வருஷத்துக்கு ஒரு சதமும் கட்டுப்படவில்லை. அவவும் யாரோ சொன்னதைக் கேட்டுப் பொறுத்தவதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எங்களில் கனபேருக்கு இது தெரியாது. முதலாளிமாருக்கு நல்லாத் தெரியும்.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதம் உங்களிடமிருந்தும், அதற்கு மேலதிகமாக 12 வீதம் முதலாளியிடமிருந்தும் நிதிக்குப் போகவேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்டவேண்டும், அது உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாத காசு. இவை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே. தகுதிகாண் காலமோ, தற்காலிகமோ, பயிற்சியோ, எந்தப் பெயர் வைத்தாலும் முதல் நாள் முதல் நாள்தான். "ஆறு மாதத்துக்குப் பிறகு" என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. 40,000 ரூபா சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு மாதம் 4,800உம் 1,200உம், மொத்தம் 6,000. ஆறு மாதத்துக்கு 36,000. வருஷத்துக்கு மூன்று பிள்ளைகள் வந்து வந்து போனால் அவருக்கு என்ன நட்டம்? எங்களுக்குப் பொறுமை இல்லாததால் ஆட்கள் நிற்பதில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருக்கால் போட்டுப் பார்க்கவேண்டும்.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. வேலைக்கு எடுக்கும்போதே வேலை விபரங்களை எழுத்தில் தரவேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது. 'எக்ஸிகியூட்டிவ்' என்று அழகான பெயர் ஏன் வைக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அந்தப் பெயர் விழுந்தவுடன் ஓவர்டைம் கேட்க எங்களுக்கே வெட்கம் வந்துவிடும். நான் செய்தது ஃபேஸ்புக் போஸ்ற் போடுவது, டெலிவரி லொறிக்குப் போன் எடுப்பது, சேரின் மகனை ரியூசனில் இருந்து கூட்டிக்கொண்டு வருவது. இதில் எது எக்ஸிகியூட்டிவ் வேலை?

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை." ஏ.எல். எழுதிவிட்டுப் பல்கலைக்கழக வாசலை மிதிக்கவே வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். கொரோனா நேரம் சிக்னலுக்காக மதிலில் ஏறியிருந்து ஸூம் வகுப்புக் கேட்டவர்கள். 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் இரவிரவாக வரிசையில் நின்றவர்கள். பொறுமையைப் பற்றி எங்களுக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

"சீ.வியில் நாலு மாதம் எண்டு போட்டால் அசிங்கம்." நாலு மாதத்தைப் போடாமலே விடலாம். இன்ரவியூவில் கேட்டால், எழுத்தில் நியமனம் தராத இடம், அதனால் விட்டேன் என்று சொல்லலாம். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற இடமும் கடிதம் தராத இடமாகத்தான் இருக்கும்.

"முதலாளியும் பாவம், கடனில நிக்கிறார்." இதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கவேண்டும். எங்கட ஊரில் சின்ன வியாபாரம் நடத்துவது லேசான காரியமில்லை. 2022க்குப் பிறகு கடை பூட்டினவர்களை எனக்கும் தெரியும். ஆனால் அவருடைய நட்டத்தை என் சம்பளத்திலிருந்தும் அக்காவின் ஓய்வுகாலக் காசிலிருந்தும் எடுக்க அவருக்கு ஆர் உரிமை தந்தது? லாபம் வந்த வருஷம் எங்களைக் கூப்பிட்டுப் பங்கு தந்தவரா?

"வீட்டை யோசி." இதுதான் பாரமான கேள்வி. இதற்கு என்னிடம் சுகமான பதில் இல்லை. நாளைக்கே எழுதிக்கொடுத்துவிட்டு வா என்று எல்லாருக்கும் சொல்ல நான் ஆள் இல்லை. வீட்டில் உலை உங்கள் சம்பளத்தில்தான் கொதிக்கிறது என்றால் ஒரு திகதி வையுங்கள், ஒரு தொகை வையுங்கள். நான் இரண்டு மாதச் செலவுக்கான காசு சேரும்வரை இருந்தேன். அந்த நாட்களில் வேறு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். திகதி வைத்துப் பொறுப்பது வேறு, திகதியில்லாமல் பொறுப்பது வேறு. முதலாவது உங்கள் திட்டம். இரண்டாவது அவருடைய வசதி.

இவ்வளவும் மற்றவர்களுக்குச் சொன்னது. இனி எங்களுக்கு.

அந்த மூன்று விசிற்றிங் கார்ட் பிள்ளைகளும் எப்படிப் போனார்கள் என்று பிறகு விசாரித்தேன். ஒருத்தி, அம்மாவுக்குச் சுகமில்லை என்று மெசேஜ் போட்டாள். ஒருவன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை, போனும் ஓஃப். மற்றவள் "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்று ஒற்றை வரிக் கடிதம் கொடுத்தாள். அவர்களில் நான் பிழை காணவில்லை. சின்ன ஊர் இது. இன்றைக்குச் சேரோடு கொழுவினால், நாளைக்கு அவருடைய மச்சானின் கொம்பனியில்தான் வேலை கேட்டு நிற்கவேண்டி வரும். ஆனால் மூன்று பேரும் சத்தமில்லாமல் போனதால்தான் நாலாவதாக நான் ஒன்றும் தெரியாமல் போய் அந்த லாச்சியைத் திறந்தேன். நானும் அப்படியே போனால் ஐந்தாவது கட்டுக்கும் கார்ட் அடிப்பார்கள்.

நானும் முதலில் "குடும்பக் காரணம்" என்றுதான் எழுதினேன். பிறின்ற் எடுத்து வாசித்தபோது வெட்கமாக இருந்தது. என் குடும்பம் இதில் என்ன பிழை செய்தது? கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதினேன். நாலு மாதமாக நியமனக் கடிதம் தரப்படவில்லை, ஈ.பி.எஃப். கட்டப்படவில்லை, என் சம்மதமில்லாமல் 5,000 ரூபா கழிக்கப்பட்டது, இந்தக் காரணங்களால் விலகுகிறேன். ஐந்து வரி. ஒரு கெட்ட சொல் இல்லை. ஒரு பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொண்டேன். சேர் வாசித்துவிட்டு, "இதெல்லாம் ஆர் உமக்குச் சொல்லித் தந்தது?" என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் போக முதல் சேர்த்துவையுங்கள்: சம்பளச் சீட்டு, வங்கியில் காசு விழுந்த விபரம், வேலை நேரம் தெரிகிற மெசேஜ்கள், வேலைக்கு எடுத்தபோது வந்த மெயில். நியமனக் கடிதம் தராத இடத்தில் நீங்கள் வேலை செய்ததற்கு இவைதான் சாட்சி. விலகிய பிறகும் கட்டப்படாத ஈ.பி.எஃப். பற்றித் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். பிந்திக் கட்டுகிற முதலாளியிடம் மேலதிகக் கட்டணமும் அறவிடுவார்கள். நான் போனேன். காத்திருக்க வேண்டியிருந்தது, இரண்டாம் தரமும் வரச் சொன்னார்கள். காசு இன்னும் வரவில்லை. ஆனால் என் பெயரில் ஒரு பைல் திறபட்டிருக்கு. அடுத்த கிழமை அக்காவும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு என்னோடு வாறதாகச் சொல்லியிருக்கிறா. வருவாவோ தெரியாது. இந்த முறை லீவுக்கு ஒத்திகை பார்க்கவில்லை எண்டு சொன்னா.

புது வேலை இன்னும் கிடைக்கவில்லை. சேர்த்த காசில் ஒரு மாதம் போய்விட்டது. அம்மாவுக்கு இன்னும் மனவருத்தம்தான். போன ஞாயிறு மாமா வந்தார். மகளுக்கு நகரில் ஒரு கொம்பனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். "சம்பளம் எவ்வளவு எண்டு கேட்டனீங்களோ?" என்று அம்மா கேட்டா. கேட்டவராம். நியமனக் கடிதம் தந்தவையோ, ஈ.பி.எஃப். எப்ப துவங்குது எண்டு கேட்டனீங்களோ என்று நான் கேட்டேன். மாமா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குப் போன் எடுத்தார்.

"ஒரு வருஷம் பொறு" எண்டு இனி ஆருக்காவது சொல்ல நினைக்கிறவர்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். முதலில் அந்த இரண்டையும் கேளுங்கோ. பிறகு சொல்லுங்கோ.