பேதிக்குப் பலியாவது விதியல்ல!

"பல் முளைக்கிறது, கண் பட்டுவிட்டது, வயிற்றைக் காயப்போடு." பிள்ளைக்குப் பேதி கண்டால் இப்படி உபதேசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த உபதேசத்தை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

பேதி எப்படிக் கொல்கிறது? உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுவதால் கொல்கிறது. போனதைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் நிற்கும். தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்துவது, வற்றுகிற கிணற்றின் ஊற்றையும் அடைப்பதாகும்.

1971-ல் வங்கதேச அகதிகள் தங்கிய பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுகோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது!

தோழர்களே, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வீட்டில் வைத்திருங்கள். இல்லையென்றால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். அளவு மீறவேண்டாம். ஒவ்வொரு தடவை வெளிக்குப் போன பிறகும் கொடுங்கள். கஞ்சியை நிறுத்தாதீர்கள்.

ஆனால் மலத்தில் ரத்தம், அரிசி கழுவிய நீர்போலப் போவது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, கண் குழிவிழுவது, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, கடுங்காய்ச்சல், துவண்டு கிடப்பது — இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியிலும் நீரைப் புகட்டுங்கள். 6 மாதம் நிரம்பாத சிசுவுக்குக் காத்திருக்கவே கூடாது. பெரியவர்களுக்கும் 2 நாளில் நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். எதற்கும் ஊசி போட்டுக் காசு பறிக்கும் போலி வைத்தியரை அண்டாதீர்கள்.

"போனால் அன்றைய கூலி போகுமே!" உண்மைதான். பிள்ளையின் உயிரையும் கூலியையும் தராசில் வைக்கும்படி தாயை நிறுத்தியது யார்? சாக்கடையோடு குடிநீர்க் குழாயைப் போட்டது யார்? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே ஆலையில் நல்ல குடிநீரும் கக்கூசும் இருக்கவேண்டுமென்று விதித்தது. நடவு வயலில் நிற்கும் பெண்ணுக்கு அவை வேண்டாமா?

சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லும் அதிகாரிகளே, கழுவ முதலில் தண்ணீர் கொடுங்கள்! உப்பு நீரை நாம் கரைத்துக்கொள்வோம். நல்ல நீரும், நோய்க்கால விடுப்பும் பிச்சையல்ல. அவை நமது உரிமை. கேட்போம், பெறும்வரை கேட்போம்!