கரைக்குப் பிறகுதான் விடுதி

அந்தமானுக்கு விடுமுறை செல்லத் திட்டமிடுவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். போர்ட் பிளேருக்கு விமானச்சீட்டு எடுத்தாகிவிட்டது. அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்குக் கப்பலும் உறுதியாகிவிட்டது. (2018 டிசம்பரில் அத்தீவு சுவராஜ் தீவு எனப் பெயர் மாறியது, 1857 எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலத் தளபதியின் பெயர் மட்டும் சுற்றுலாக்காரர்களின் நாவை விட்டு நீங்கவில்லை.) எஞ்சுவது விடுதி. தேடித்தேடி இரண்டு ரிசார்ட்டுகளில் பட்டியல் சுருங்குகிறது. ஒன்று தீவின் மேற்கே, ராதாநகர் கடற்கரையின் மரவரிசைக்குப் பின்னால் இருக்கிறது. மற்றொன்று கிழக்கே, விஜயநகர் கரையில். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்கள். இரண்டிலும் ஓலை வேய்ந்த குடில்கள். இரண்டின் படங்களிலும் அதே நீலம். வாடகையில் மட்டும் மேற்கு ஒரு படி மேலே நிற்கிறது.

இந்த இடத்தில் பயணி செய்வது ஒன்றுதான்: முன்பு தங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகளை இரவு முழுவதும் படிப்பது. படிக்கப்படிக்கக் குழப்பம் கூடுகிறது. கிழக்குக் கரை விடுதியைப் பற்றி ஒருவர், அறையை விட்டு இறங்கினால் காலடியில் கடல் என்று எழுதியிருப்பார். அதே மாதத்தில் அதே விடுதியில் தங்கிய இன்னொருவர், கடல் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாறையும் சேறும்தான் என்று கொதித்திருப்பார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றோ, ஒருவர் விடுதியின் கையாள் என்றோ வாசிப்பவர் முடிவுகட்டுகிறார். உண்மையில் இருவரும் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட நேரம்தான் வேறு.

பொருளியலில் இதற்குப் பயன்படக்கூடிய பழைய வகைப்பாடு ஒன்று உண்டு. ஒரு பண்டத்தின் தரத்தை வாங்குவதற்கு முன்பே தேடி அறியலாம், அல்லது வாங்கித் துய்த்த பிறகே அறியலாம் என்று 1970இல் பிலிப் நெல்சன் பிரித்தார். 1973இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: துய்த்த பிறகும் நுகர்வோரால் அறிய முடியாத, நம்பி ஏற்கவேண்டிய தரம். தேடல், அனுபவம், நம்பிக்கை என்று அவற்றைச் சுருக்கமாக அழைக்கலாம். விடுதியை முழுக்க முழுக்க அனுபவப் பண்டமாக எடுத்துக்கொள்வதுதான் இந்தத் தேர்வில் நிகழும் முதல் பிழை. மெத்தை எப்படி, காலைச் சிற்றுண்டி எப்படி, பணியாளர்கள் முகம் கொடுத்துப் பேசுகிறார்களா என்பவை அனுபவத்தைச் சார்ந்தவை. அவற்றுக்குப் பிறர் வாய்ச்சொல்லை நாடுவதில் நியாயம் உண்டு. ஆனால் பணம் போவது மெத்தைக்காக அன்று, கடலுக்காக. அந்தக் கடலின் நடத்தையைத் தேடி அறியலாம், அதுவும் ஓராண்டுக்கு முன்பே, மணிக்கணக்கில்.

அந்தமான் கடலில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 2 மீட்டரை எட்டும். சென்னையில் அதே நாட்களில் அது சுமார் 1 மீட்டர்தான். மெரினாவின் சரிவான மணலில் அந்த ஒரு மீட்டரை யாரும் கவனிப்பதில்லை. அலை சற்று முன்னே வருகிறது, சற்றுப் பின்னே போகிறது, அவ்வளவே. கடல் விலகிப்போய்விடும் என்ற எண்ணமே எழாமல் வளர்ந்தவர்கள் ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் திகைத்து நிற்பதற்கு அதுவே காரணம். அங்கே கரையை ஒட்டிப் பவளத்திட்டு ஏறக்குறைய மட்டமாக நீண்டு கிடக்கிறது. மட்டமான தரையில் இரண்டு மீட்டர் நீர் இறங்கினால் கரைக்கோடு வெகுதூரம் விலகிவிடும். ஏற்றத்தில் மரக்கிளைகளைத் தொட்டு நின்ற நீர் ஆறு மணி நேரம் கழித்துத் தொலைவில் ஒரு வெள்ளைக் கோடாகிவிடுகிறது. நடுவில் பவளச் சிதிலமும் பாசியும் நண்டுகளும் சிறு குட்டைகளும் எஞ்சுகின்றன. அப்போது அங்கே நீந்த முடியாது.

ஏற்றவற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே ஒரு வாரத்தில், ஏற்றம் நின்ற நேரத்தில் வற்றம் வந்து நிற்கும். மாதத்தின் முதல் வாரத்தில் தங்கியவருக்குக் காலையிலும் மாலையிலும் வாசலில் கடல். இரண்டாம் வாரத்தில் வந்தவருக்கு அதே வேளைகளில் வெறும் பாறை. முரண்பட்ட மதிப்புரைகளின் மர்மம் இவ்வளவுதான். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையில் போர்ட் பிளேருக்கான பக்கத்தைப் பார்த்தால், விடுமுறை நாட்களில் எந்த மணிக்குக் கடல் எங்கே இருக்கும் என்பது தெரிந்துவிடும். நானூறு மதிப்புரைகளால் தர முடியாத தெளிவை அந்த ஒரு பக்கம் தருகிறது.

மேற்கே ராதாநகரில் நிலைமை வேறு. அகன்ற மணற்கரை, பாறையில்லாத அடித்தளம், வற்றத்திலும் நீந்தலாம். 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று இதைப் புகழ்ந்ததும், 2020இல் இதற்கு நீலக்கொடிச் சான்று கிடைத்ததும் பரவலாகத் தெரிந்தவை. ஆனால் மேற்கு நோக்கிய கரை என்பதால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றை இது நேராக வாங்குகிறது. அந்த மாதங்களில் அலை முரட்டுத்தனமாகிவிடும். குழந்தைகளோடு வருபவர்களுக்குக் கிழக்கே அமைதி கூடுதல். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்றின்போது இந்தக் கணக்குத் தலைகீழாகும். 2010இல் ராதாநகரை ஒட்டிய ஒரு சிறு வளைவில் முதலை தாக்கி வெளிநாட்டுப் பயணி ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் வைக்கப்பட்ட எச்சரிக்கைகளை அலங்காரப் பலகைகளாக எண்ணாதிருப்பது நல்லது.

உதயமும் அஸ்தமனமும் தனிக்கதை. கிழக்கு விடுதி உதயத்தை விற்கிறது, மேற்கு விடுதி அஸ்தமனத்தை. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையில் கணிக்கப்படுகிறது. ஹேவ்லாக் 93 பாகையை ஒட்டி இருக்கிறது. எனவே அங்கே சூரியன் கடிகாரத்தைவிடச் சுமார் 42 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். கோடையில் விடியல் 5 மணியையொட்டி வந்துவிடும். விடுமுறையில் அந்த நேரத்துக்கு எழுந்து கடலைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தனக்குத்தானே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு மேற்கைத் தேர்வது இயல்பான முடிவாகத் தோன்றும். நீந்த முடிகிற கடல், அழகிய மாலை. ஆயினும் அந்த முடிவில் ஓர் ஓட்டை இருக்கிறது. ராதாநகர் கடற்கரை எந்த விடுதிக்கும் சொந்தமன்று. தீவில் எங்கே தங்குபவரும், எங்கும் தங்காத உள்ளூர்க்காரரும் அங்கே இறங்கி நீந்தலாம். கிழக்குக் கரையிலிருந்து ஆட்டோவில் சென்றால் அரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். அரசுப் பேருந்தும் உண்டு. கடற்கரை பொதுச்சொத்து என்பது வெறும் வழக்கம் மட்டுமன்று. பியாஸ் ஆற்றின் போக்கைத் தன் வசதிக்குத் திருப்பிய ஒரு சொகுசு விடுதி தொடர்பாக, எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொது நம்பிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு ஆகியவற்றுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே. தனியார் உடைமையாக அவற்றை மாற்றித்தர அதற்கு உரிமையில்லை. ‘தனிக் கடற்கரை’ என்று ஒரு விடுதி விளம்பரம் செய்யுமானால், தன்னுடையதல்லாத ஒன்றுக்கு அது விலை கூறுகிறது.

ஆகவே மேற்கு விடுதியில் கூடுதலாகக் கொடுக்கும் வாடகையின் பெரும்பகுதி, எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் கடலுக்கு அருகில் படுத்துறங்குவதற்கான விலை. கிழக்குக் கரையின் செல்வமோ அங்கே தங்குபவருக்கே முழுதாகக் கிட்டும். வற்றம் எந்நேரத்தில் வந்தாலும் படியிறங்கி, மணல் தடத்தில் நடந்து, குட்டைகளில் கடல் அட்டையையும் உடுமீனையும் துறவி நண்டையும் குனிந்து பார்க்கலாம். மாலைச் சுற்றுலாவில் வந்துபோகிறவருக்கு அது வாய்ப்பது அரிது. இரண்டே இரவுகள் தங்குபவருக்கும், நீந்துவதையன்றி வேறெதுவும் வேண்டாதவருக்கும், அலைச்சல் ஆகாத முதியோருக்கும் மேற்கு பொருந்தும். நான்கு நாட்கள் இருப்பவர்களுக்கு, குறிப்பாகச் சிறுவர்களோடு வருபவர்களுக்கு, கிழக்கே தங்கி மேற்கே போய்வருவதுதான் அறிவுடைய செலவு.

இதுவரை பேசியது தேடி அறியக்கூடியவை பற்றி. உண்மையான சிக்கல் மூன்றாம் வகையில், நம்பி ஏற்கவேண்டிய தரத்தில் இருக்கிறது. அறையில் திறக்கும் குழாய்நீர் எங்கிருந்து வருகிறது? கழிப்பறையிலிருந்து வெளியேறுவது எங்கே போகிறது? நான்கு நாட்கள் தங்கித் திரும்பியவராலும் இதற்கு விடை சொல்ல முடியாது. ஐந்து நட்சத்திரம் இட்டவரும் ஒரு நட்சத்திரம் இட்டவரும் இதில் சமம்.

சிறு தீவின் நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லையாக நிலத்தடியில் இருக்கிறது. கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். மறுதலையாக, கிணற்றில் இறைத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் தாழ்த்தினால், காலப்போக்கில் உப்பு 40 மீட்டர் மேலேறும். மழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் வில்லை மெலிகிறது. சுற்றுலாக் கூட்டம் பெருகும் காலமும் அதனோடுதான் பிணைந்திருக்கிறது. கடலுக்கு எதிரே நீச்சல்குளம் வெட்டி, தினம் துணிமாற்றி, புல்தரைக்கு நீர் பாய்ச்சும் விடுதி இறைக்கும் நீர், 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து காடு திருத்திக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் குடிக்கும் நீரும்தான்.

கழிவுநீரின் கதை கிழக்கில் இன்னும் நெருக்கமானது. உறிஞ்சுகுழியில் விடப்படும் நீர் மணலில் வடிகட்டப்பட்டுவிடும் என்று சொல்வது வழக்கம். திடப்பொருள் நிற்கலாம், நைட்ரஜனும் பாஸ்பரசும் நிற்பதில்லை. அவை கசிந்து பவளத்திட்டை அடைந்தால் பாசிக்கு உரமாகும், பவளத்துக்கு மூச்சடைப்பாகும். 2010இன் கடல்வெப்பத்தில் அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளிறின. அதிலிருந்து மீளவேண்டிய திட்டுக்குக் கரையிலிருந்து வரும் ஒவ்வொரு சுமையும் கூடுதல் தண்டனை. 2011இன் தீவுப் பாதுகாப்பு மண்டல அறிவிக்கை உயர் ஏற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்றது. 2019இன் புதிய அறிவிக்கை, ஹேவ்லாக் அடங்கிய தொகுதித் தீவுகளுக்கு அந்த இடைவெளியை 20 மீட்டராகக் குறைத்தது. குடிலின் படிக்கட்டுக்கும் நீருக்கும் இடையிலான தூரம் குறையக்குறைய வாடகை கூடுகிறது, கழிவு கசிந்து சேரும் வழியும் குறுகுகிறது. பயணி அதிகப் பணம் கொடுத்து வாங்குவது பல சமயம் அந்தக் குறுகலைத்தான்.

ஒருவர் வந்துபோவதால் என்ன ஆகிவிடும், சட்டமும் அரசும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது இங்கே எழும் வழக்கமான மறுப்பு. அதில் பாதி உண்மை உண்டு. ஒழுங்குமுறையின் வேலையை நுகர்வோரின் மனச்சான்றின் தலையில் கட்டுவது நவதாராளவாதத்தின் கைவந்த கலை. ஆனால் நம்பிக்கைத் தரம் எங்கும் மலிவாகக் கைவிடப்படுவது, யாரும் கேட்பதில்லை என்பதால்தான். ஏசி குளிருமா, வைஃபை கிடைக்குமா என்று தொலைபேசியில் நூறு பேர் கேட்கிறார்கள். இரண்டுக்கும் விடை ஆயத்தமாக இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் உண்டா, அதன் கொள்ளளவு அறைகளின் எண்ணிக்கைக்குப் போதுமா, நீர் கிணறா, லாரியா, மழைநீர்த் தொட்டியா, கடல்நீரைச் சுத்திகரித்ததா, அப்படியானால் அதற்கான மின்சாரத்துக்கு எவ்வளவு டீசல் எரிகிறது என்று முன்பதிவுக்கு முன் மின்னஞ்சலில் பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால், விடையைத் தேடி வைக்கவேண்டிய நெருக்கடி விடுதிக்கு வரும். எழுத்தில் கேட்பதே நல்லது. தொலைபேசியில் எல்லா விடுதிகளிடமும் எல்லாமே இருக்கிறது.

இரண்டு விடுதிகளில் ஒன்று இக்கேள்விகளுக்கு எண்களோடு விடையளித்து, மற்றொன்று தன் கடற்காட்சிப் படங்களை மறுபடி அனுப்பிவைக்குமானால், கிழக்கு மேற்கு என்ற கணக்கைக்கூட ஒதுக்கிவைத்து முதலாவதை எடுக்கலாம். இரண்டுமே மழுப்பினால், கரையை விட்டுச் சற்று உள்ளே, குளமும் புல்தரையும் இல்லாத எளிய விடுதிகள் கோவிந்தநகர் கடைத்தெருவைச் சுற்றிக் கிடைக்கின்றன. அங்கிருந்து விஜயநகர் கரைக்குச் சைக்கிளில் போகலாம். வற்றத்தின்போது இறங்குபவர்கள் பவளத்தை மிதிக்காமல் மணல் தடத்திலேயே நடக்கவேண்டும். ரப்பர் அடிச்செருப்பு தேவைப்படும். கையில் எடுத்த பவளத் துண்டை அங்கேயே போட்டுவிட்டு வரவேண்டும். கடினப் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பைகளைச் சோதிப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.