ஒரே பெயர், இரண்டு விடை

கணினியில் ஒரு கோப்பின் முகவரி "/வீடு/கடிதங்கள்/ஓய்வூதியம்" என்பது போல இருக்கும். கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு வருவதுதான் கோப்பின் பெயர். சி மொழியில் அதை மட்டும் பிரித்தெடுக்க 'பேஸ்நேம்' என்றொரு செயல்கூறு உண்டு. ஓய்வுக்குப் பின் சி படிக்க உட்கார்ந்த எனக்கு இதில் ஒரு மனக்குறை.

லினக்ஸில் இந்தப் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். முகவரி "/வீடு/கடிதங்கள்/" என்று சாய்கோட்டில் முடிந்தால், போசிக்ஸ் தரப்படி நடப்பவர் 'கடிதங்கள்' என்பார். குனுக்காரர் ஒன்றுமில்லாத வெற்றுத் தொடரைத் தருவார். எந்தத் தலைப்புக் கோப்பைச் சேர்த்தோமோ, அதற்கேற்ப ஆள் மாறுவார்.

இதைவிடப் பெரிய குறை, போசிக்ஸ்காரர் நாம் கொடுத்த தொடரையே திருத்திவிடலாம் என்பது. தரமே அதற்கு அனுமதி தருகிறது. கோப்பு எண்ணைப் பார்த்துச் சொல் என்றால், கோப்பையே அடித்துத் திருத்தும் எழுத்தரை எந்த அலுவலகம் வைத்துக்கொள்ளும்? புதிதாக நினைவக இடம் எடுக்காமல் வேலை முடிகிறதே எனலாம். ஆனால் நாம் கேட்டது தகவல்தான், திருத்தம் அல்ல.

ஆகவே என் கட்சி இதுதான்: மூலத்தைக் கொடுக்காதீர்கள், நகல் எடுத்துக் கொடுங்கள். இல்லையேல் 'எஸ்டிஆர்ஆர்சிஎச்ஆர்' கொண்டு கடைசிச் சாய்கோட்டை நீங்களே தேடுங்கள். அது மூலத்தைத் தொடாது. சாய்கோடே இல்லாவிட்டால் 'நல்' என்று வரும். அப்போது முழுத்தொடரும் பெயர்தான். முகவரி சாய்கோட்டில் முடிந்தால் என்ன விடை என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, நிரலிலேயே ஒரு வரி குறிப்பெழுதி வையுங்கள். நம் நாற்காலிக்குப் பின்னால் வருபவர் அதைப் படித்து வாழ்த்துவார்.