கலைக்கப்பட்ட ஆணையமும் கலையாத ஆணைகளும்: ஆஸ்திரேலியக் குடிவரவு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்



2012 ஆகஸ்ட் 13 முதல் 2014 ஜனவரி 1 வரை படகில் ஆஸ்திரேலியாவை அடைந்து, நவுருவுக்கோ மானுஸ் தீவுக்கோ அனுப்பப்படாமல் உள்நாட்டிலேயே வைக்கப்பட்டவர்களின் புகலிடக் கோரிக்கைகள், 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி ‘விரைவுத் தடம்’ எனப்பட்ட தனி நடைமுறையில் தீர்க்கப்பட்டன. விசாவுடன் விமானத்தில் வந்து புகலிடம் கோரியவரின் மனு தள்ளுபடியானால் அவர் தீர்ப்பாயத்தின் முன் தோன்றி வாதாட முடிந்தது; படகில் வந்தவருக்கு வாய்த்ததோ குடிவரவு மதிப்பீட்டு ஆணையம். அது பெரும்பாலும் மனுதாரரைப் பாராமலே கோப்பைப் படித்து முடிவெடுத்ததுடன், புதிய தகவல்களை விதிவிலக்கான சூழல்களில் மட்டுமே ஏற்றது. சித்திரவதைக்கு உள்ளானவர் நடந்ததையெல்லாம் முதல் நேர்காணலிலேயே கோவையாகச் சொல்லிவிடுவது அரிது என்பதும், பின்னர் அவர் வாய் திறக்கும்போது அதுவே ஏற்கப்படாத ‘புதிய தகவல்’ ஆகிவிடக்கூடும் என்பதும் இந்நடைமுறையை வகுத்தோருக்குத் தெரியாதவை அல்ல.

அக்காலத்தின் போக்கு அத்தகையது. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகில் இருந்த, குழந்தைகள் உள்ளிட்ட 157 இலங்கைத் தமிழர்கள் கடலில் மறிக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதம் ஆஸ்திரேலிய அரசுக் கப்பலில் அடைத்து வைக்கப்பட்டனர். அது சட்டப்படி செல்லும் என்று உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் கூறியது. அரசின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதற்கான விடையே அது, அச்செயலுக்கான நற்சான்று அன்று.

தங்கள் அரசு 2023 பிப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவுரிமைக்கு வழிவிட்டதும், 2024 அக்டோபரில் அந்த ஆணையத்தையே கலைத்ததும் வரவேற்கத்தக்கவை. ஆனால் ஆணையம் நிராகரித்தவர்கள் மீதான முடிவுகள் அப்படியே நிற்கின்றன. பழுதான தராசைத் தூக்கியெறிந்துவிட்டு, அது காட்டிய எடையை மட்டும் கணக்கில் வைத்திருப்பதற்கு ஒப்பானது இது. இலங்கைத் தமிழரும் ஈரானியரும் அடங்கிய இம்மக்கள், இறுதி முடிவு வரும்வரை தங்க அனுமதிக்கும் ‘இணைப்பு விசா’வில் பத்தாண்டுகளுக்கு மேலாக நாள் கடத்துகின்றனர், சிலருக்கு வேலை செய்யும் உரிமையும் இல்லை.

கடல்வழி வந்தவர் விசாவுக்கு விண்ணப்பிப்பதையே தடுக்கும் குடிவரவுச் சட்டத்தின் 46ஏ பிரிவு, பொதுநலன் கருதி அத்தடையை நீக்கும் அதிகாரத்தை அமைச்சர் ஒருவரிடமே விட்டிருக்கிறது. ஆகவே நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் வரும்வரை காத்திராமல், அந்த அதிகாரத்தைக் கொண்டு இவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கவும், விமானத்தில் வந்தவரைப் போலத் தீர்ப்பாயத்தில் நேர் விசாரணை பெறவும் வழி திறந்துவிடவும், அது முடியும்வரை எவரையும் திருப்பி அனுப்பாதிருக்கவும் தாங்கள் ஆணையிட வேண்டும்.