முதற் சம்பளம் பேசுதல்

படுவான்கரையில் நெல் விற்பவர் எவரும் விலை பேசாது மூட்டையை ஏற்றி அனுப்புவதில்லை. ஆயின் அதே வீட்டிற் பிறந்து, கணக்கியல் கற்றுத் தேறிய பிள்ளை, நிதிக் கம்பனியொன்றின் நியமனக் கடிதம் கைக்கு வந்ததும், சம்பளத்தைப் பற்றி வினவக் கூசுகின்றது. இக்கூச்சத்தைப் பணிவென்று போற்றுதல் தகாது என்பதே எமது கருத்து.

அரச வங்கிகளிற் சம்பளத்திட்டம் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். ஆங்கே பேரம் பேச இடமில்லை. தனியார் கம்பனிகளின் நிலை வேறு. இரு கம்பனிகள் மாதம் 50,000 ரூபா தர முன்வருகின்றன எனக் கொள்வோம். ஒன்றில் அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா. எஞ்சியது ஊக்கப்பணமும் பிரயாணச் செலவுமாம். மற்றதில் அடிப்படைச் சம்பளமே 45,000 ரூபா. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12 வீதம் செலுத்துதல் வேண்டும். முதலாவதில் அது 3,600 ரூபா. இரண்டாவதில் 5,400 ரூபா. ஆண்டொன்றுக்கு வேற்றுமை 21,600 ரூபா. ஐந்தாண்டுச் சேவையின் பின் உரித்தாகும் பணிக்கொடையும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தையே தழுவியது. ஆதலின் மொத்தத் தொகையை மட்டும் நோக்கி மகிழ்தல் போதாது.

"வேலை கிடைப்பதே அரிது, வாய் திறந்தால் அதுவும் கைநழுவும்" என்பர் பெற்றோர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. எனினும், ஒப்பமிடுமுன் ஒருமுறை, காரணங் காட்டி, மரியாதையாகக் கேட்பதைக் குற்றமெனக் கொள்ளும் முகாமையாளர் சிலரே. மட்டக்களப்பிலோ கொழும்பிலோ அறை வாடகைக்கும் உணவுக்கும் ஆகுஞ் செலவைக் கணக்கிட்டுக் காட்டலாம். பெற்ற தகைமைகளை எடுத்துரைக்கலாம். தொகை உயராதெனின், பயிற்சிக்காலம் முடிந்தபின் யாது கிடைக்கும் என வினவலாம். கிடைக்கும் விடையை எழுத்திற் பெறுதல் வேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் வேலை நிபந்தனைகளை எழுத்தில் வழங்குமாறு முதலாளியைப் பணிக்கின்றது.

விண்ணப்பம் எழுதக் கற்பிக்கும் வகுப்பில் நியமனக் கடிதத்தை வாசிக்கவும் பயிற்றுதல் நன்று. வங்கிகளிலும் கம்பனிகளிலும் பணிபுரியும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள்: எந்தப் பதவிக்கு எவ்வளவு கொடுபடுகின்றது என்பதை நம் இளைஞர்க்கு மறையாது சொல்லுங்கள். சந்தை விலை அறியாதவனாற் பேரம் பேச இயலாது. கல்லூரி மண்டபத்துக்கு நீங்கள் வழங்கும் நன்கொடையினும் இவ்வறிவு குறைந்ததன்று.