கணக்கேட்டுக்குள் மறையும் கசிவு

மண்ணுக்கடியில் புதைத்த பெட்ரோல் தொட்டி ஒழுகுகிறதா என்பதைக் கண்ணால் கண்டறிய வழியில்லை. ஆகையால், லாரியிலிருந்து இறங்கிய அளவையும் விற்றுத் தீர்ந்த அளவையும் ஏட்டில் எழுதி, அளவுகோலைத் தொட்டிக்குள் இறக்கி மீதத்தைப் பார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் மனச்சமாதானம் அடைவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது.

அமெரிக்காவில் இந்த ஏட்டுக் கணக்குக்கு ஒரு வரம்பு விதித்திருக்கிறார்கள். ஒரு மாதத்தில் தொட்டி வழியே சென்ற பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கும், அதற்கு மேல் 130 கேலனும் வித்தியாசப்படலாம். பெட்ரோல் வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும், அளவுகோல் பிடிக்கும் கையும் பிசகும் என்பதால், இந்தச் சலுகை அவசியமே. ஆயினும் மணிக்குப் பத்தில் ஒரு கேலன் வீதம் ஒழுகும் தொட்டி மாதத்தில் இழப்பது 72 கேலன்தான். ஆண்டுக்கு மூவாயிரம் லிட்டருக்கு மேல் பூமிக்குள் இறங்கினாலும், கணக்குப் பிள்ளையின் ஏட்டில் அது ஒரு குற்றமாகத் தோன்றாது. அந்த நுண்ணிய கசிவையே பிடிக்க வேண்டும் என்பதுதான் தொட்டியின் இறுக்கத்தைச் சோதிக்கும் பரிசோதனைக்கு விதித்த நியதி. ஏடு எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும் பரிசோதனைக்கு ஈடாகாது என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

இத்தகைய தொட்டிகளைக் கட்டுப்படுத்த அந்நாட்டின் காங்கிரஸ் சபை 1984-இல் சட்டம் இயற்றிற்று. 1988-இல் விதிகள் பிறந்தன. பழைய தொட்டிகளைச் சீர்ப்படுத்தவோ மூடவோ 1998 டிசம்பர் வரை தவணை தந்தார்கள். அந்தத் தவணை முடியுமுன்பே, 1996-இல், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் தன் கிணறுகளை மூட நேர்ந்தது. பெட்ரோல் புகை குறைந்து எரியும்பொருட்டு அதில் கலந்த எம்.டி.பி.இ. என்னும் திரவம், சுற்றுப்புறத்து நிலையங்களின் தொட்டிகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கசிந்து நிலத்தடி நீரில் சேர்ந்திருந்தது. காற்றைச் சுத்திகரிக்க வந்த பொருள் ஜலத்தைக் கெடுத்த விபரீதம் அது! நீரில் எளிதில் கரைந்து, மண்ணில் தங்காமல் விரைந்து பரவி, மிகச் சொற்ப அளவிலேயே துர்நாற்றம் வீசும் சுபாவம் அதற்கு. நகரத்தின் நீரில் ஏறத்தாழப் பாதி போயிற்று. வெளியிலிருந்து விலைக்கு வாங்கிக் குடித்தார்கள். முக்கியமான கிணறுகள் மீண்டும் பயன்பட ஏறத்தாழ 15 ஆண்டுகள் சென்றன.

பெட்ரோல் ஊற்றும் வாயைச் சுற்றிச் சிந்துவதை ஏந்தும் கிண்ணத்தையும், குழாய் இணைப்புகளுக்கு அடியில் கசிவை ஏந்தும் தொட்டிகளையும் மூன்றாண்டுக்கொரு முறையும், கசிவறியும் கருவிகளை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்ற விதி 2015-இல்தான் வந்தது. சோதனைக்கு ஆகும் செலவையும், அதற்காக விற்பனை நிற்கும் நேரத்தையும் சொல்லி உரிமையாளர்கள் முறையிடுவது எனக்குப் புரியாமலில்லை. சிறு வியாபாரிக்கு அது பாரந்தான். ஆனால் கசிவினால் அவர் இழப்பது சில கேலன் பெட்ரோல். அண்டை வீட்டார் இழப்பதோ கிணறு. ஆகவே இந்தச் சோதனைத் தவணைகளை ஒரு மாதங்கூட நீட்டலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். சோதனை முடிவு அதிகாரியின் கோப்பில் உறங்குவதும் போதாது. கடைசிச் சோதனையின் தேதியையும் பலனையும் நிலையத்தின் வாசலிலேயே, அப்பக்கத்து நீரைக் குடிப்போர் யாவரும் படிக்கும்படி எழுதி வைக்கச் சட்டம் செய்ய வேண்டும்.